கருஞ்சீரகம் கையில் இருக்கட்டும். மாத்திரையைக் கைவிட வேண்டாம்





சென்ற ஆண்டு மழைக்காலத்தில் ஒரு நாள் மஃரிப் தொழுகைக்குப் பின், எங்கள் மதரஸாவில் ஓதும் மாணவர் ஒருவரின் தந்தை என்னைத் தேடி வந்தார். ஒரகடம் பகுதியில் வாகன உதிரிபாகத் தொழிற்சாலை ஒன்றில் பல ஆண்டுகளாக ஷிப்டு முறையில் வேலை பார்ப்பவர். நாற்பது வயதைச் சற்றே கடந்தவர். வலது காலில் பெரிய கட்டுப் போட்டிருந்தார். வேலைக்கு அணியும் கனத்த காலணி உராய்ந்து கொப்புளம் உண்டாகியிருக்கிறது. வலி தெரியாததால் அவர் கவனிக்கவில்லை. அது புண்ணாகி, சீழ் பிடித்து, இறுதியில் இரண்டு விரல்களை எடுக்க வேண்டியதாயிற்று.

"நாலஞ்சு மாசமா மாத்திரையை நிறுத்திட்டேன் ஹஸ்ரத். காலையில கருஞ்சீரகம் மட்டும்தான். மரணத்தைத் தவிர எல்லா நோய்க்கும் அதில் ஷிஃபா இருக்குன்னு நீங்கதானே பயான்ல சொன்னீங்க" என்றார். அவர் குரலில் கோபம் இல்லை. அடுத்து அவர் கேட்டதுதான் என்னைத் தூங்கவிடாமல் செய்தது: "என் ஈமான்ல குறை இருந்ததாலதான் குணமாகலையா?"

அன்று அவருக்கு ஆறுதல் கூறி அனுப்பினேன். ஆனால் அது பதில் ஆகாது. அவருக்கு நான் சொல்லியிருக்க வேண்டிய பதிலையே இங்கு எழுதுகிறேன். முதலில் என் தவறை ஒப்புக்கொள்கிறேன். அந்த ஹதீஸை நான் பயானில் கூறியது உண்மை. அதற்கு இமாம்கள் தந்த விளக்கத்தை நான் கூறவில்லை என்பதும் உண்மை.

ஹதீஸைச் சொன்னோம், விளக்கத்தைச் சொல்லவில்லை

கருஞ்சீரகத்தில் மரணத்தைத் தவிர அனைத்து நோய்களுக்கும் நிவாரணம் உண்டு என்ற கருத்திலான நபிமொழி ஸஹீஹுல் புகாரியில் இடம்பெற்றுள்ளது. அதன் நம்பகத்தன்மையில் எவருக்கும் ஐயமில்லை. ஆனால் அதை எவ்வாறு புரிந்துகொள்வது என்பதை நம் முன்னோர் ஆய்ந்து எழுதியிருக்கிறார்கள். சொல் பொதுவாக அமைந்திருப்பினும் பொருள் குறிப்பிட்ட வகை நோய்களையே சுட்டும் என்பது இமாம் கத்தாபீ அவர்களின் விளக்கம். புகாரிக்கு ஃபத்ஹுல் பாரீ என்னும் விரிவுரை எழுதிய இமாம் இப்னு ஹஜர் அவர்களும் இத்தகைய கருத்துகளை எடுத்துரைக்கிறார்கள். கருஞ்சீரகம் சில நோய்களுக்குத் தனியாகவும், சிலவற்றுக்கு வேறு மருந்துகளுடன் சேர்த்தும் பயன்படுத்தப்பட வேண்டியது என்று விளக்கியவர்களும் உண்டு. ஆகவே, "மற்ற மருந்தை எறிந்துவிட்டு இதை மட்டும் உண்" என்று அந்த நபிமொழியிலிருந்து சட்டம் எடுப்பது, இமாம்கள் செய்யத் துணியாத ஒன்றை நாம் செய்வதாகும்.

நபி (ஸல்) அவர்களின் நடைமுறையையும் பாருங்கள். ஸஅத் இப்னு அபீவக்காஸ் (ரலி) அவர்கள் நெஞ்சு நோயால் அவதியுற்றபோது, ஸகீஃப் குலத்து மருத்துவரான ஹாரிஸ் இப்னு கலதாவிடம் செல்லுமாறு பெருமானார் வழிகாட்டிய செய்தி அபூதாவூதில் உள்ளது. வஹீ இறங்கிக்கொண்டிருந்த காலத்திலேயே, துறை அறிந்தவரிடம் போ என்பதே அறிவுரையாக இருந்தது.

இன்னொரு நிகழ்வும் அபூதாவூதில் உண்டு. பயணத்தில் ஒருவருக்குத் தலையில் காயம் ஏற்பட்டது. அவருக்குக் குளிப்புக் கடமையானது. தயம்மும் செய்ய எனக்குச் சலுகை உண்டா என்று அவர் தோழர்களைக் கேட்டார். இல்லை என்று அவர்கள் கூறிவிட்டனர். குளித்தார், இறந்துபோனார். செய்தி அறிந்த நபி (ஸல்) அவர்கள் கடுமையாகச் சினந்து, அவரைக் கொன்றது அந்தப் பதில்தான் என்ற பொருளில் கண்டித்து, அறியாமைக்கு மருந்து கேட்டறிவதே என்று உணர்த்தினார்கள். மிம்பரில் நிற்கும் எங்களைப் போன்றோர் இந்த நிகழ்வைத் தினமும் நினைத்துப் பார்க்க வேண்டும். மருத்துவம் அறியாமல் மருத்துவம் பார்ப்பவர், அதனால் விளையும் தீங்குக்குப் பொறுப்பாளி என்பதும் நபிமொழியே.

செடிகளை இகழவும் வேண்டாம்

இதைப் படிக்கும் சிலர், "அப்படியானால் மூலிகையெல்லாம் வீணா?" என்று கேட்கக்கூடும். நிச்சயமாக வீணல்ல. நீரிழிவுக்கு இன்று உலகெங்கும் மிகுதியாகத் தரப்படும் மெட்ஃபார்மின் மாத்திரையின் வரலாறே ஒரு செடியிலிருந்துதான் தொடங்குகிறது. கலேகா என்னும் அந்தச் செடி ஐரோப்பிய நாட்டு மருத்துவத்தில் நெடுங்காலம் பயன்பட்டது. அதில் உள்ள குவானிடின் வகைப் பொருள் சர்க்கரையைக் குறைக்கும் என்று கண்டனர். அதே செடி கால்நடைகளுக்கு நஞ்சு என்றும் கண்டனர். அந்த வகையைச் சேர்ந்த, தீங்கு குறைந்த மெட்ஃபார்மின் 1922-இல் ஆய்வகத்தில் உருவாக்கப்பட்டது. 1957-இல் பிரான்சின் ழான் ஸ்டெர்ன் என்ற மருத்துவர் நோயாளிகளுக்கு அதைத் தந்து பெற்ற பலனை வெளியிட்டார். அமெரிக்கா அதை ஏற்றது 1994-இல்தான். செடியிலிருந்து மாத்திரை வரை வர எத்தனை ஆண்டு, எத்தனை சோதனை! நாம் தூக்கி எறியும் அந்த மாத்திரையும், அல்லாஹ் ஒரு செடியில் வைத்த ஷிஃபாவின் வழித்தோன்றல்தான்.

நம் ஊரிலும் இத்தகைய ஆய்வுகள் நடந்துள்ளன. சிறுகுறிஞ்சான் இலையை மென்றபின் சர்க்கரையை வாயிலிட்டால் மணலைப் போல் இருக்கும், இனிப்புத் தெரியாது. அதனால்தான் அதற்குச் சர்க்கரைக்கொல்லி என்ற பெயரும் வந்தது. சென்னையில் பேராசிரியர் சண்முகசுந்தரம் குழுவினர் அந்த இலையின் சாற்றுப்பொடியை ஆய்ந்து 1990-இல் வெளியிட்டனர். ஏற்கெனவே மாத்திரை உண்டுவந்த 22 பேருக்கு நாளொன்றுக்கு 400 மில்லிகிராம் வீதம் 18 முதல் 20 மாதங்கள் வரை தந்தார்கள். சர்க்கரை குறைந்தது, மாத்திரையின் அளவையும் குறைக்க முடிந்தது. ஐவர் மாத்திரையையே நிறுத்த முடிந்தது. இது மகிழ்ச்சியான செய்தி. ஆயினும் 22 பேர் என்பது மிகச் சிறிய எண்ணிக்கை. அதில் 17 பேருக்கு மாத்திரை தொடர்ந்து தேவைப்பட்டது என்பதையும் சேர்த்தே படிக்க வேண்டும். நிறுத்தியவர்களும் இரத்தத்தைச் சோதித்து, ஆய்வாளர்களின் கண்காணிப்பில் நிறுத்தினார்கள்.

வேங்கை மரத்தைப் பற்றி இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் நடத்திய ஆய்வு 1998-இல் வெளிவந்தது. புதிதாக நீரிழிவு கண்டறியப்பட்ட 97 பேரில் 67 பேருக்கு 12 வாரத்தில் சர்க்கரை கட்டுக்குள் வந்தது. அவர்கள் அனைவரும் நோயின் தொடக்க நிலையில் இருந்தவர்கள். மருந்தை அளந்து தந்தார்கள். சந்தையில் விற்கும் வேங்கை மரக் குவளையில் இரவு நீர் ஊற்றிக் காலையில் குடிப்பவருக்கு எவ்வளவு சத்து இறங்குகிறது என்பதை யார் அளந்தார்?

பாகற்காயைப் பற்றிய ஆய்வுகளையெல்லாம் தொகுத்து 2012-இல் வெளியான காக்ரேன் மதிப்பாய்வு, அதை நீரிழிவுக்கு மருந்து என்று பரிந்துரைக்கப் போதிய சான்று இல்லை என்றே முடித்தது. பாகற்காய் நல்ல காய். குழம்பில் சேர்த்து உண்ணலாம். மருந்தின் இடத்தில் அதை வைப்பதற்கு இன்னும் சான்று வேண்டும்.

கருஞ்சீரகத்துக்கும் வருவோம். சவூதி அரேபியாவில் நடந்து 2010-இல் வெளியான ஆய்வு ஒன்றில், 94 நீரிழிவு நோயாளிகளுக்கு நாளொன்றுக்கு 1, 2, 3 கிராம் என மூன்று அளவுகளில் கருஞ்சீரகம் தரப்பட்டது. 2 கிராம் உண்டவர்களுக்கு 12 வாரத்தில், மூன்று மாதச் சராசரிச் சர்க்கரையைக் காட்டும் அளவு ஏறத்தாழ ஒன்றரை விழுக்காடு குறைந்தது. அல்ஹம்துலில்லாஹ். ஆனால் அவர்கள் தத்தம் மாத்திரைகளை உண்டுகொண்டே, அதனுடன் சேர்த்துத்தான் கருஞ்சீரகமும் உண்டார்கள். நம் சகோதரரோ மாத்திரையை நிறுத்திவிட்டு உண்டார். விரல்களை இழந்ததற்குக் காரணம் இந்த வேறுபாட்டில் இருக்கிறது. அவர் ஈமானில் அதைத் தேட வேண்டியதில்லை.

மாத்திரையுடன் சேர்த்து உண்பதிலும் எச்சரிக்கை தேவை. இரண்டும் சர்க்கரையைக் குறைப்பவை என்றால், இரண்டும் சேர்ந்து அளவுக்கு மீறிக் குறைத்துவிடலாம். வீட்டில் இருப்பவருக்கு வியர்வையும் நடுக்கமும் வரும். இனிப்பு உண்டு சமாளித்துக்கொள்வார். இரவு ஷிப்டில் அழுத்த இயந்திரத்தின் முன் நிற்பவருக்கோ, கனரக வண்டி ஓட்டுபவருக்கோ கண் இருண்டால் என்ன ஆகும்? ஆகையால் எதை உண்பதாயினும் மருத்துவரிடம் மறைக்காமல் கூறுங்கள்.

பெயரும் முகவரியும் இல்லாத பொடிகளைப் பற்றியும் ஒரு சொல். அமெரிக்காவின் பாஸ்டன் நகரக் கடைகளில் விற்ற, தெற்காசியாவில் தயாரான 70 ஆயுர்வேதப் பொருட்களைச் சோதித்து 2004-இல் வெளியான ஆய்வில், 14 பொருட்களில் ஈயம், பாதரசம், ஆர்சனிக் போன்ற நச்சு உலோகங்கள் காணப்பட்டன. "சர்க்கரை நோய் முற்றிலும் குணமாகும்" என்று விளம்பரம் செய்வதே நம் நாட்டில் 1954-ஆம் ஆண்டுச் சட்டப்படி குற்றம். அத்தகைய விளம்பரத்தின் மேல் ஒரு ஹதீஸையும் அச்சிட்டுவிட்டால் நாம் கேள்வி கேட்பதையே நிறுத்திவிடுகிறோம். நபிமொழியை வியாபாரச் சீட்டாக்குவோரிடம் நாம்தான் முதலில் கேள்வி கேட்க வேண்டும்.

நம் சென்னை தந்த சான்று

செடிகளைப் பற்றிய ஆய்வுகள் சிறியவையாக இருக்க, வாழ்க்கை முறையைப் பற்றிய ஆய்வுகள் உறுதியானவையாக இருக்கின்றன. அவற்றில் முக்கியமானது நம் சென்னையிலேயே நடந்தது. டாக்டர் ஏ. ராமச்சந்திரன் குழுவினரின் இந்திய நீரிழிவுத் தடுப்பு ஆய்வு 2006-இல் வெளிவந்தது. நீரிழிவின் வாசலில் நின்ற 531 பேரை நான்கு பிரிவாக்கினர். வழக்கமான பொது அறிவுரை மட்டும் பெற்றவர்களில், மூன்று ஆண்டுகளில் 100-க்கு 55 பேர் நீரிழிவு நோயாளிகள் ஆயினர். உணவைத் திருத்தி, தினமும் அரைமணி நேரம் விரைந்து நடந்த பிரிவில் அது 39 ஆகக் குறைந்தது. மெட்ஃபார்மின் உண்டவர்களில் 40 அல்லது 41 பேர். இரண்டையும் செய்தவர்களிலும் 39 அல்லது 40 பேர்தான். அதாவது, நோய் வருமுன் காப்பதில் நடையும் உணவும் மாத்திரைக்குச் சமமாக நின்றன. உடல் எடை பெரிதாகக் குறையாமலேயே இந்தப் பலன் கிடைத்தது என்பது கூடுதல் செய்தி.

அதே குழுவினர் 2013-இல் வெளியிட்ட மற்றோர் ஆய்வு நம் பகுதிக்கு இன்னும் நெருக்கமானது. அதில் பங்கேற்ற 537 பேரும் தொழில் நிறுவனங்களில் பணியாற்றும் ஆண்கள். ஒரு பிரிவினருக்கு உணவு, நடை பற்றிய குறுஞ்செய்திகள் கைப்பேசிக்கு அடிக்கடி வந்தன. இரண்டு ஆண்டுகளில் செய்தி பெறாதவர்களில் 27 விழுக்காட்டினருக்கு நீரிழிவு வந்தது. பெற்றவர்களில் 18 விழுக்காட்டினருக்கே வந்தது. ஒரு நினைவூட்டல் இவ்வளவு செய்கிறது. நினைவூட்டுங்கள், அது நம்பிக்கையாளர்களுக்குப் பயன் தரும் என்பது குர்ஆன் நமக்குக் கற்பித்த பாடம்தானே.

இவையெல்லாம் நோயின் வாசலில் நிற்பவர்களுக்கு என்பதை மறக்க வேண்டாம். நோய் வந்துவிட்டவருக்கு நடையும் வேண்டும், உணவுக் கட்டுப்பாடும் வேண்டும், மருந்தும் வேண்டும்.

ஷிப்டு வாழ்க்கை என்னும் சோதனை

"நட, குறைத்து உண், நன்றாக உறங்கு" என்று கூறுவது எளிது. இருங்காட்டுக்கோட்டையிலிருந்து திருப்பெரும்புதூர், சுங்குவார்சத்திரம், வல்லம், ஒரகடம் வரை பரந்து கிடக்கும் இந்தத் தொழிற்பேட்டைகளில் உழைப்பவரிடம் அதைக் கூறிப் பாருங்கள். ஒரு வாரம் காலை, ஒரு வாரம் மாலை, ஒரு வாரம் இரவு என்று உறக்கம் இடம் மாறிக்கொண்டே இருக்கிறது. நள்ளிரவில் கேண்டீன் சோறு. கண் சொக்கும்போதெல்லாம் சர்க்கரை போட்ட தேநீர். காலையில் கம்பெனிப் பேருந்தில் அமர்ந்தபடியே தூக்கம். இரவில் உண்ணும் உணவின் சர்க்கரையை உடல் பகலைப் போல் கையாள்வதில்லை. பல ஆண்டுகள் மாறி மாறி இரவுப் பணி செய்வோருக்கு நீரிழிவு வரும் வாய்ப்புக் கூடுகிறது என்று பெரிய ஆய்வுகள் காட்டியுள்ளன.

எனவே, நோய் வந்தவரைப் பார்த்து "வாயைக் கட்டவில்லை" என்று பழிப்பது அநீதி. 2023-இல் வெளியான தேசிய ஆய்வின்படி நாட்டில் 10 கோடிக்கும் மேற்பட்டோருக்கு நீரிழிவு உள்ளது. தமிழ்நாட்டில் 20 வயதைக் கடந்தோரில் 14.4 விழுக்காட்டினர். இத்தனை பேருக்கும் ஒரே நேரத்தில் ஈமானும் மனவுறுதியும் குறைந்துபோயின என்று கூற முடியுமா? வேலை முறையும் உணவு முறையும் மாறிப்போயின. ஒப்பந்தத் தொழிலாளி சிலர், நோய் தெரிந்தால் வேலை போய்விடும் என்று அஞ்சிச் சோதனைக்கே போவதில்லை. இரகசியமாகக் கஷாயம் குடிக்கிறார்கள். மருந்துச் சீட்டை மறைக்கலாம், மூலிகையை மறைக்கத் தேவையில்லை என்பதும் அவர்களை அந்தப் பக்கம் தள்ளுகிறது. பணியிடத்திலேயே சோதனை செய்யும் "தொழிலாளரைத் தேடி மருத்துவம்" திட்டத்தைத் தமிழக அரசு 2024-இல் தொடங்கியது. அந்த வண்டி வரும்போது ஒதுங்கி நிற்காமல் கையை நீட்டுங்கள். ஈ.எஸ்.ஐ. அட்டை உள்ளவர்கள் அதை அலமாரியில் வைத்துக்கொண்டு பொடிக்குப் பணம் செலவிட வேண்டியதில்லை.

நம் ஜமாஅத்தும் நம் வீடும் செய்யக்கூடியவை

உளூவைச் சிந்தியுங்கள். ஒரு நாளில் ஐந்து வேளை நம் பாதத்தை நாமே தொட்டுக் கழுவுகிறோம். கால் விரல்களுக்கிடையே கைவிரலை விட்டுக் கோதுவது சுன்னத். நீரிழிவுள்ளவர் தம் பாதத்தைத் தினமும் பார்க்க வேண்டும், விரலிடுக்கை ஈரமின்றித் துடைக்க வேண்டும் என்றே மருத்துவரும் கூறுகிறார். அந்தச் சகோதரர் அவசர உளூவை நிதானமாகச் செய்திருந்தால், கொப்புளத்தை முதல் நாளே கண்டிருக்கலாம். ஜும்ஆ நேரத்துக் கொதிக்கும் தரையில், உணர்ச்சி மரத்த காலுடன் வெறுங்காலில் நடப்பவரின் பாதம் வெந்தாலும் அவருக்குத் தெரியாது. பள்ளிவாசல் முற்றத்தில் பாய் விரிப்பதும் நிழல் அமைப்பதும் ஸதகாவாகும்.

வயிற்றில் மூன்றில் ஒரு பகுதியே உணவுக்கு என்ற நபிவழியை நாம் பயானில் கேட்கிறோம், வலீமாவில் மறக்கிறோம். பிரியாணி இருக்கட்டும். அதனுடன் காய்கறிக் கூட்டும் இருக்கட்டும். "இன்னும் கொஞ்சம்" என்று வற்புறுத்திப் பரிமாறும் வழக்கம் போகட்டும். இஃப்தாரில் சர்பத்துக்குப் பக்கத்தில் சர்க்கரை சேர்க்காத மோரும் இருக்கட்டும்.

ரமளானுக்கு ஒன்றிரண்டு மாதம் முன்பே மருத்துவரைக் கண்டு, நோன்பு நோற்கலாமா, மருந்து வேளையை எவ்வாறு மாற்றுவது என்று கேளுங்கள். விரலில் குத்தி இரத்தச் சர்க்கரை பார்ப்பதால் நோன்பு முறியாது என்பதே அறிஞர்கள் பெரும்பாலோரின் தீர்ப்பு. தீங்கு நேரும் என்று மருத்துவர் கூறினால், அல்லாஹ் நோயாளிக்குத் தந்த சலுகையை ஏற்பதும் வணக்கமே.

வீட்டுப் பெண்களையும் மறக்க வேண்டாம். ஷிப்டுக்குப் போகும் கணவருக்காக நேரங்கெட்ட நேரத்தில் எழுந்து சமைத்து, மிஞ்சிய சோற்றை உண்ணும் அவர்களுக்கும் சோதனை வேண்டும். ஃபஜ்ருக்குப் பின் ஆண்கள் குழுவாக நடப்பதைப் போல் பெண்களும் நடக்க இடமும் பாதுகாப்பும் ஏற்படுத்துவது ஜமாஅத்தின் கடமை. பள்ளிவாசலுக்கு மாதம் ஒரு முறை செவிலியர் ஒருவரை அழைத்துச் சர்க்கரை பார்க்க ஏற்பாடு செய்தால், அதற்கு ஆகும் செலவு ஓர் இஃப்தார் விருந்தின் செலவைவிடக் குறைவாகவே இருக்கும்.

என் பங்குக்கு, அந்த நிகழ்வுக்குப் பின் நான் ஒன்றை உறுதியாகக் கடைப்பிடிக்கிறேன். மருத்துவம் தொடர்பான ஹதீஸைக் கூறினால், அதன் விளக்கத்தையும் கூறி, "உங்கள் மருந்தை நிறுத்தாதீர்கள்" என்ற ஒரு வரியையும் சேர்க்கிறேன். சக ஆலிம்களிடமும் இதையே வேண்டுகிறேன். நம் ஒரு வாக்கியத்தை நம்பி ஒருவர் தம் உடலைப் பணயம் வைக்கிறார்.

அந்தச் சகோதரர் இப்போது மாத்திரையைத் தவறாமல் உண்கிறார். மருத்துவரிடம் கூறிவிட்டுச் சிறிதளவு கருஞ்சீரகமும் உண்கிறார். மஃரிபுக்குத் தம் மகனின் தோளைப் பற்றிக்கொண்டு நடந்தே வருகிறார். உளூவின்போது அந்தச் சிறுவன் குனிந்து தந்தையின் பாதத்தைப் பார்த்துவிட்டுத்தான் தொழ வருகிறான். அவர் ஈமானில் எந்தக் குறையும் இருக்கவில்லை. கேட்க வேண்டியதைக் கேட்கும்படி அவருக்கு நாங்கள் சொல்லித்தரவில்லை; குறை அதுதான்.

யா அல்லாஹ்! எங்கள் நோயாளிகளுக்குப் பூரண ஷிஃபாவைத் தருவாயாக. உன் தூதரின் சொல்லை அதன் உரிய பொருளில் எடுத்துரைக்கும் அறிவை எங்களுக்குத் தருவாயாக. எங்கள் அறியாமையால் பிறருக்குத் தீங்கு நேராமல் காப்பாயாக. ஆமீன்.

வஸ்ஸலாம்.